பீரோவில் ஒரு துப்பாக்கி!

"துப்பாக்கியா? எங்கள் வீட்டில் அரிவாள்மணையைத் தவிர வேறு ஆயுதமே கிடையாதே!" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதில் நியாயம் உண்டு. மயிலாப்பூர் மாட வீதிகளிலும், மாம்பலத்துச் சந்துகளிலும், அடையாறு காந்தி நகரிலும் குடியிருக்கிற பெரும்பாலோருக்குத் துப்பாக்கி என்பது சினிமாவில் பார்க்கிற சாமான்தான்.

ஆனால், ஒவ்வொரு தேர்தலின்போதும் பத்திரிகையில் ஒரு செய்தி வருமே, கவனித்திருக்கிறீர்களா? சென்னையில் லைசென்ஸ் பெற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்ற செய்தி. ஒப்படைக்க வேண்டும் என்றால், மற்ற நாட்களில் அவை வீடுகளில் இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நகை வியாபாரம் செய்பவர், பெருந்தொகையோடு பிரயாணம் செய்ய வேண்டியவர் என்று பலர் லைசென்ஸ் வாங்குகிறார்கள். உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். உங்கள் குழந்தை விளையாடப் போகிற சிநேகிதர் வீட்டில் இருக்கலாம் அல்லவா?

ஆகவே துப்பாக்கியைச் சுடுவது எப்படி என்பதைப் பற்றியல்ல, அது தானாகச் சுடாமல் இருக்க என்ன செய்வது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். இது புருஷர்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

அதிகாலையில் நடந்தது

2024 அக்டோபர் 1. பம்பாயில் ஹிந்தி நடிகர் கோவிந்தா, விடியற்காலையில் கல்கத்தாவுக்கு விமானம் ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸ் பெற்ற தம் ரிவால்வரைப் பீரோவில் வைக்கும்போது அது கை நழுவி விழுந்தது, வெடித்தது, குண்டு அவர் காலில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள். சில நாட்களில் வீடு திரும்பினார். நல்ல வேளை! காலோடு போயிற்று.

திருடன் வரவில்லை, சண்டை இல்லை, கோபதாபம் இல்லை. பீரோவைத் திறந்து ஒரு சாமானை உள்ளே வைக்கிற, நாம் தினம் பத்துத் தடவை செய்கிற காரியம். அங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது.

விசைக்குக் கண் இல்லை

கைத்துப்பாக்கியில் விரல் வைத்து இழுக்கிற சிறிய நாக்கு ஒன்று உண்டு. அதற்கு விசை என்று பெயர். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். விசையை இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும். இழுத்தது விரலா, சாவிக் கொத்தா, முந்தானை நுனியா என்று அது பார்க்காது.

பழைய ரிவால்வர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்புறம் சுத்தி போல ஒரு பாகம் இருக்கும். தோட்டாவின் மேல் அது படிந்திருக்கும் நிலையில் துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியில் அடிபட்டால், விசையைத் தொடாமலே வெடித்துவிடக்கூடும். இந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அப்படி ஆகாதபடி உள்ளே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் விசை இழுபட்டால் அந்தத் தடுப்பும் விலகிக்கொள்ளும்.

அமெரிக்காவில் கால்பந்து வீரர் ஒருவர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். பிளாக்ஸிகோ பரஸ் என்பது அவர் பெயர். 2008 நவம்பரில் நியூயார்க் நகரத்து இரவு விடுதி ஒன்றுக்குப் போனபோது, உறை எதுவும் இல்லாமல் கைத்துப்பாக்கியைக் கால்சட்டை இடுப்பில் செருகியிருந்தார். அது நழுவிக் காலோடு இறங்கியது. சட்டென்று பிடிக்கப் போனார். விரல் விசையில் பட்டது. தொடையில் குண்டு! அந்த ஊரில் செல்லும் லைசென்ஸும் அவரிடம் இல்லை. 2009-ல் இரண்டு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நழுவுகிற பொருளைத் தாவிப் பிடிப்பது மனித சுபாவம். பால் பாத்திரமானால் பரவாயில்லை. துப்பாக்கி விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட வேண்டும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

நகைப் பெட்டியில் வந்த ரிவால்வர்

பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வர் நம் தேசத்தில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேல். கைப்பைக்குள் அடங்கும் என்றார்கள். அதை வைத்துக் கொடுத்த பெட்டியோ நகைப் பெட்டி மாதிரி!

பெட்டி அழகுதான். ஆனால், கைப்பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சாவி, பேனா, சீப்பு, சில்லறை, குழந்தைக்கு வாங்கிய மிட்டாய். இவற்றில் எது வேண்டுமானாலும் விசை வளையத்துக்குள் நுழையலாம். அதைவிட முக்கியம், அம்மாவின் கைப்பையைக் குடையாத குழந்தை உண்டா?

2014 கடைசியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. கடைக்குப் போன ஓர் இளம் தாய், துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்த கைப்பையைப் பக்கத்தில் வைத்திருந்தார். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் அதைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டான். அது வெடித்தது. தாய் அங்கேயே உயிர் இழந்தார். அந்தப் பிஞ்சுக் கையைக் குற்றம் சொல்ல முடியுமா?

எந்த உறை நல்ல உறை?

துப்பாக்கி உறை என்றால், போலீஸ் அதிகாரி இடுப்பில் தொங்குகிற பெரிய தோல் பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது உள்ளங்கை அகலத்தில் சின்ன உறைகள் வந்துவிட்டன. கைடெக்ஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அந்தந்தத் துப்பாக்கியின் வடிவத்துக்கு அழுத்திச் செய்கிறார்கள். இன்னும் சிறியதாக, விசை வளையத்தை மட்டும் கவ்வுகிற ஒரு மூடியும் உண்டு. அதில் ஒரு கயிறு இருக்கும். கயிற்றின் மறு நுனியைப் பெல்ட்டில் கட்டிவிட்டால், துப்பாக்கியை இழுக்கும்போது மூடி கழன்று நின்றுவிடும்.

சிறியது என்பதற்காக மட்டம் என்று சொல்வதற்கில்லை. பெரியது என்பதற்காக உசத்தி என்றும் இல்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. விசை வளையம் இரண்டு பக்கமும் முழுசாக மூடுகிறதா? வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே விசை அசையாதபடி உறை கெட்டியாக இருக்கிறதா? இந்த ரகத் துப்பாக்கிக்கென்றே செய்ததா, எதற்கும் பொருந்தும் என்று விற்கிற பொதுச் சரக்கா? தோட்டா எதுவும் இல்லாத துப்பாக்கியை உள்ளே வைத்துத் தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்கிறதா? இடுப்பில் மாட்டும் கொக்கி உறுதியா?

இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். முக்கியமாக, நைந்து தொளதொளத்துப்போன பழைய தோல் உறை வேண்டாம். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடிந்த தோல் விளிம்பே விரல் மாதிரி விசையை இழுத்துவிடும். சட்டை நுனியும் கயிறும் அதே வேலையைச் செய்யும். எடுப்பதில் அவசரம் இருக்கலாம்; திரும்ப வைப்பதில் என்ன அவசரம்? துணியை ஒதுக்கி, கண்ணால் பார்த்து, விரலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, நிதானமாக வைக்க வேண்டும்.

நம் பெண்களுக்கு இன்னொரு சங்கடம். இந்த உறைகளெல்லாம் பெல்ட்டை நம்பிச் செய்தவை. சேலைக் கொசுவம் பெல்ட் ஆகாது! லைசென்ஸ் உள்ள பெண்மணி பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டுமென்றால், அதற்கென்று தனி அறை உள்ள பை வேண்டும். அந்த அறைக்குள்ளும் விசையை மூடும் கெட்டி உறை வேண்டும். பை தோளை விட்டு இறங்கவே கூடாது.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் வீசுகிற கடற்காற்று வீட்டு ஜன்னல் கம்பியை என்ன பாடு படுத்துகிறது என்று தெரியுமே! தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வைத்தால் துரு ஏறும். உறை எடுத்துச் செல்வதற்குத்தான்; நிரந்தர வாசத்துக்கு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. சென்னை நகரில் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரம் போலீஸ் கமிஷனருடையது. 2016-ல் வந்த விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையிலோ, அது போன்ற பையிலோதான் கொண்டு போகலாம். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி ஆட்டிக் காட்டுவது குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டாலோ, கல்யாணம் கார்த்திகையில் குஷிக்காகச் சுட்டாலோ இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். 'கை தவறிவிட்டது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குழந்தைகள் உள்ள வீட்டில் அது பூட்டு ஆகாது. வீட்டுக்குள் வந்ததும், துப்பாக்கி பத்திரமான திசையைப் பார்க்கும்படி வைத்து, தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். பிஸ்டல் ரகத்தில் ஓர் ஏமாற்று உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் காலியாகிவிட்டது என்று தோன்றும். குழாயின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கும்! கழற்றின பிறகு அந்த அறையையும் திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில். தோட்டா வேறொரு பூட்டில். சாவி அரிசி டின்னுக்குள் வேண்டாம். குழந்தைகளுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டிலும் இல்லை.

லைசென்ஸ் உள்ள வீட்டு இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் மூன்று கேள்வி கேளுங்கள். "விசை மூடியிருக்கிறதா? தோட்டா எடுத்தாயிற்றா? பூட்டியாயிற்றா?" அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று தினமும் இரண்டு தடவை கேட்கிறவர்கள்தானே நாம்!