கேப்பிட்டலுக்கு ஏன் மண்ணுக்கு அடியில் வாசல்?

போன வருஷம் ஆபீஸ் வேலையா அமெரிக்கா போயிருந்தப்போ, கிடைச்ச ஒரு லீவு நாள்ல வாஷிங்டன் கேப்பிட்டலைப் பார்க்கப் போனேன். அவங்க நாடாளுமன்றம். வெள்ளை டோம், கிழக்குப் பக்கம் அகலமான படிக்கட்டு, டிவியில பார்த்திருப்பீங்க. அந்தப் படி ஏறித்தான் உள்ளே போகணும்னு நினைச்சேன். என்னைக் கீழே இறங்கச் சொன்னாங்க! பாட்டில் தண்ணியைக் கொட்டிட்டு, பையை எக்ஸ்-ரேக்குக் கொடுத்து, மெட்டல் டிடெக்டரைத் தாண்டினா, தரைக்கு அடியில் ஒரு பெரிய மண்டபம். கேப்பிட்டல் விசிட்டர் சென்டர். பரப்பு 5,80,000 சதுர அடி. ஒரு செக்யூரிட்டி வாசலுக்கு எதுக்கு இவ்வளவு?

காரணம், பழைய வாசல். கேப்பிட்டலுக்குள் 1971-லும் 1983-லும் குண்டு வெடித்தது. பாதுகாப்பைக் கூட்டினார்கள், மெட்டல் டிடெக்டர்கள் வந்தன. ஆனா சோதனை நடந்த இடம் அதே பழைய கட்டடத்தின் வாசல்தான். 1998 ஜூலை 24 அன்று துப்பாக்கியோடு வந்த ஒருவன், வாசலில் நின்ற போலீஸ் அதிகாரி ஜேக்கப் செஸ்ட்நட்டைச் சுட்டான். உள்ளே ஓடி, ஜான் கிப்சன் என்ற அதிகாரியையும் சுட்டான். இருவரும் இறந்துவிட்டார்கள்.

நம்ம பாஷையில சொன்னா, டேட்டாபேஸ் இருக்கிற மெஷின்லயே லாகின் செக்கையும் வச்ச மாதிரி. தப்பான ஆள்னு தெரியும்போதே அவன் உள்ளே வந்தாச்சு. ஸ்கேனரை நல்லதா மாத்தினா இது தீராது. சோதிக்கிற இடத்தைத்தான் தள்ளி வைக்கணும்.

விசிட்டர் சென்டர் யோசனை முன்பே இருந்தது. பணம் கிடைத்தது இந்தக் கொலைகளுக்குப் பிறகுதான். ஆனா எங்கே கட்டுறது? கிழக்கு முகப்புக்கு முன்னால் கட்டினால் அந்தக் கட்டடமே மறைந்துவிடும். சுற்றியுள்ள நிலம் 1874-லேயே ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட் வடிவமைத்தது, அதையும் கெடுக்க முடியாது. அதனால் மூன்று தளங்களையும் மண்ணுக்குள் இறக்கினார்கள். கூரையில் இரண்டு பெரிய கண்ணாடித் திறப்புகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தா டோம் தெரியுது. அந்த மண்டபத்துக்கு எமான்சிபேஷன் ஹால் என்று பெயர். கேப்பிட்டலைக் கட்ட உழைத்த அடிமைகளின் நினைவாக வைத்தது.

இதுல நமக்கு ரொம்பப் பழக்கமான கதையும் இருக்கு. 2000 ஜூனில் பூமி பூஜை மாதிரி தொடக்க விழா நடந்தது. பட்ஜெட் 26.5 கோடி டாலர், 2005-ல் முடிக்கத் திட்டம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலும், அடுத்து வந்த ஆந்த்ராக்ஸ் கடிதங்களும் ரிக்வயர்மென்ட்டையே மாற்றின. காற்றை வடிகட்டும் அமைப்பு வேண்டும், அவசர வழிகள் வேண்டும் என்றார்கள். 'அதோட எங்களுக்கும் கொஞ்சம் இடம்' என்று செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்துகொண்டன. கடைசியில் 2008 டிசம்பர் 2-ல் திறந்தார்கள். செலவு 62.1 கோடி டாலர்!

பணத்தைத் தாண்டி இன்னொரு விலையும் உண்டு. கேப்பிட்டலுக்கு எதிரிலேயே சுப்ரீம் கோர்ட் இருக்கிறது. 2010 மே மாதம் அங்கேயும் பாதுகாப்புக்காக முன்கதவு வழியாகப் பொதுமக்கள் உள்ளே போவதை நிறுத்தினார்கள். வெளியே வர மட்டும் அந்த வழி. நீதிபதி ஸ்டீபன் பிரேயர் இதை எதிர்த்து எழுதினார், ரூத் பேடர் கின்ஸ்பர்க் அவரோடு சேர்ந்துகொண்டார். முன்கதவு வெறும் வழி இல்லை, நீதி கேட்டு வருபவருக்கு அது ஒரு அடையாளம் என்பது அவர் வாதம். படி ஏறி நுழைவதும் பக்கவாட்டில் நுழைவதும் ஒண்ணு இல்லைங்க. ஒண்ணுல நீங்க குடிமகன், இன்னொண்ணுல முதல்ல சந்தேகத்துக்குரிய ஆள்.

சரி, இவ்வளவு செஞ்சும் முழுப் பாதுகாப்பு வந்துடுச்சா? 2021 ஜனவரி 6 ஞாபகம் இருக்கும். கொரோனாவால் விசிட்டர் சென்டர் அப்போது பொதுமக்களுக்கு மூடியே இருந்தது. கூட்டம் மேலே ஜன்னலை உடைத்து உள்ளே போனது. ஸ்கேனர் பார்க்கிறது, ஒழுங்கா வரிசையில் வந்து நிற்கிற ஆளை மட்டும்தான்.

அதுக்காக இந்த வாசல் வீண்னு நான் சொல்லலை. 1998 மாதிரி ஒருத்தன் வந்தா, அவன் முதலில் நிற்கப்போவது பழைய கட்டடத்துக்கு வெளியே. அந்த தூரம் உயிர் காக்கும். ஆனா, பாதுகாப்புன்னு சொல்லி ஒரு பழைய பொதுக் கட்டடத்தோட முன்கதவை மூடும்போது, இது எந்த ஆபத்தைத் தடுக்குது, எதைத் தடுக்காதுன்னு கேட்கணும். அந்தக் கட்டடம் நம்மளோடதுதானே? அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!