விழாவும் வரைபடமும்

விழா எடுப்பது தமிழர்க்குப் புதிய கலையன்று. மணிமேகலையின் முதற் காதைக்கே 'விழாவறை காதை' என்றுதான் பெயர். யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இருபத்தெட்டு நாள் நடைபெறப் போகும் இந்திர விழாவைப் புகார் நகரத்தார்க்கு அறிவிக்கிறான் ஒருவன். தோரணம் கட்டுங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், வீதிகளில் புதுமணல் பரப்புங்கள் என்று செய்யவேண்டியவற்றை அடுக்கிக்கொண்டே போகிறான். விழாவுக்கான வேலைப் பட்டியல் ஒன்றை நம் இலக்கியத்திலேயே காண விரும்புவோர் அங்கே காணலாம்.

நம் சங்கத்தின் விழாக் குழுவும் ஆண்டுதோறும் இத்தகைய பட்டியலைத்தான் எழுதுகிறது. மண்டபம், அழைப்பிதழ், நாடகம், சமையல், நன்கொடை, மேடை, ஒலிபெருக்கி என்று எண்ணிட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரைப் போட்டுவிட்டால் திட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். என்னென்ன செய்யவேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லும். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லாது. மண்டபம் உறுதியாகாமல் அழைப்பிதழில் இடத்தின் பெயரை எப்படி அச்சிடுவது? அழைப்பிதழ் போய்ச் சேராமல் எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படி அறிவது? அதை அறியாமல் எத்தனை படி அரிசி போடுவது? பட்டியலில் இவை ஒன்றையொன்று அறியாத அயலார் போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. வரைபடத்தில் அப்படி நிற்க முடியாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைக் கோடு போட்டுக் காட்டியே ஆகவேண்டும்.

இந்த உறவை நன்கறிந்தவர்கள் நம் வீட்டுத் தாய்மார்கள். விருந்து நாளன்று அம்மா முதலில் காய் நறுக்க உட்காருவதில்லை. பருப்பை வேகப் போட்டுவிட்டு, புளியை ஊறவைத்துவிட்டு, அதன்பின்தான் அரிவாள்மணையை எடுக்கிறார். பருப்பு தானே வேகும். அதற்கு அவர் கை தேவையில்லை, நேரம்தான் தேவை. காய்க்கோ கை தேவை. ஆய்வுக்கூடத்தில் கரைசலைக் கொதிக்க வைத்துவிட்டு அடுத்த சோதனைக்குக் கண்ணாடிக் கலங்களைக் கழுவும் எங்களைப் போன்றோரும் அதையேதான் செய்கிறோம். ஒருவரே செய்யும் வேலையில் இந்தக் கணக்கு மனத்திலேயே அடங்கிவிடும். இருபது பேர் சேர்ந்து செய்யும் வேலையில் அடங்காது. இருபது மனங்களும் காணும்படி அது தாளில் இருக்கவேண்டும்.

இதற்கு முதலில் வழி கண்டவர் போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி. 1896-இல் தொழிற்சாலை வேலைகளின் ஓட்டத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை அவர் அமைத்தார். அவர் எழுதியது போலிஷ், ருசிய மொழிகளில். ஆதலால் மேற்கு நாடுகளில் அவர் புகழ் பரவவில்லை. பின்னர் 1910-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் இதையொத்த பட்டை வரைபடத்தை வழக்கத்திற்குக் கொண்டுவந்தார். உலகம் இன்று அதைக் 'காண்ட் படம்' என்றே அழைக்கிறது. (எந்த மொழியில் எழுதினோம் என்பதால் ஒருவர் பெயர் வாழ்வதும் மறைவதும் அறிவியலில் நாம் பன்முறை காணும் செய்தி. தமிழில் அறிவியல் எழுதுவோருக்கு இது சற்றே உறுத்தும்!)

காண்ட் படம் வரைவது எளிது. கட்டமிட்ட வரைதாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இடமிருந்து வலமாக நாட்கள். ஒரு கட்டம் ஒரு நாள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக வேலைகள். எந்த வேலை எந்நாள் தொடங்கி எந்நாள் முடியுமோ அத்தனை கட்டங்களையும் பென்சிலால் நிரப்பிப் பட்டையாக்குங்கள். எவையெவை ஒரே காலத்தில் நடக்கின்றன என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும். மை வேண்டா, பென்சிலே போதும். எத்தனை முறை அழித்தெழுத வேண்டியிருக்கும் என்பது வரைந்தவர்க்கே தெரியும்.

ஆனால் பட்டைகள் மட்டும் போதா. ஒரு பட்டை தள்ளிப்போனால் எந்தெந்தப் பட்டைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்? இதற்கு விடை காண 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் இரு முயற்சிகள் தனித்தனியே நடந்தன. டூபாண்ட் என்னும் வேதிப்பொருள் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தன. பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக அந்நாட்டுக் கடற்படை வகுத்த மற்றொரு முறைக்குப் 'பெர்ட்' என்று பெயர். இரண்டின் கருத்தும் ஒன்றே: வேலைகளை அம்புகளால் இணைத்து வலை போல வரைக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்லும் வழிகளில் மிக நீண்டது எதுவென்று காண்க. அந்த நீண்ட வழிதான் விழா நாளை முடிவு செய்கிறது. அதில் ஒரு நாள் தவறினால் எல்லாமே ஒரு நாள் தவறும். நான் அதை 'உயிர்நாடி வழி' என்று அழைக்க விரும்புகிறேன். மற்ற வழிகளில் கொஞ்சம் இடம் இருக்கும். அதைத் 'தளர்வு' எனலாம்.

ஏவுகணைக்கு வகுத்த முறை பொங்கலுக்குப் பொருந்துமா என்று நகைக்க வேண்டா. போட்டுப் பார்ப்போம். மண்டப அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும்? ஒரே எண்ணைச் சொல்லச் சொன்னால் யாரும் திணறுவர். பெர்ட் முறை மூன்று எண்களைக் கேட்கிறது. எல்லாம் நல்லபடி நடந்தால் 5 நாள். பெரும்பாலும் 10 நாள். கையொப்பமிட வேண்டியவர் வெளியூர் போய்விட்டால் 27 நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 5, 40, 27 ஆக 72. ஆறால் வகுக்க 12 நாள். இப்படியே மற்றவற்றுக்கும் கணக்கிட்டேன். சிறப்பு விருந்தினரின் இசைவு பெற 10 நாள். இவ்விரண்டும் கைக்கு வந்தபின் அழைப்பிதழ் எழுதி அச்சிட 4 நாள். அதை விடுதிதோறும் வழங்கி வருவோர் பெயரைத் திரட்ட 6 நாள். தொகை தெரிந்தபின் சமையற்காரரோடு பேசி முன்பணம் தர 2 நாள். அரிசி, வெல்லம், இலை வாங்க 2 நாள். இன்னொரு பக்கம், நாடகம் எழுத 5 நாள், ஒத்திகை 15 நாள், மண்டபத்தில் இறுதி ஒத்திகை 1 நாள். நன்கொடை திரட்ட 8 நாள்.

கூட்டிப் பாருங்கள். மண்டபத்தில் தொடங்கும் வழி 26 நாள். விருந்தினரில் தொடங்கும் வழி 24 நாள், தளர்வு 2. நாடகத்தின் வழி 21 நாள், தளர்வு 5. நன்கொடை, சமையற்காரருக்கு முன்பணம் தரும் நாளுக்குள் வந்தால் போதும். அதற்குத் தளர்வு 14 நாள். நம் குழுவின் கூட்டங்களில் ஒவ்வொரு மாலையும் எதைப் பற்றிப் பேசுகிறோம்? நாடகத்தைப் பற்றி, அதற்கடுத்து நன்கொடையைப் பற்றி. உயிர்நாடி வழியில் இவ்விரண்டுமே இல்லை. மண்டபத்தைப் பற்றியோ, "கடிதம் கொடுத்தாகிவிட்டது" என்னும் ஒரு வாக்கியத்திற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

காரணம் எளிது. மண்டப விண்ணப்பம் எழுதுவது அரை மணி நேர வேலை. அதன் பிறகு பதினொன்றரை நாளுக்கு மேல் அது மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கும். நாம் வியர்வை சிந்துவதில்லை. உழைப்பு இல்லாத இடத்தில் காலமும் செலவாகவில்லை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. தாளில் அந்தக் காத்திருப்பும் பன்னிரண்டு கட்டப் பட்டையாக விழும்போது இந்த மயக்கம் தீர்கிறது. பட்டையை இரண்டு நிறத்தில் வரைந்தால் இன்னும் நன்று: கை வேலைக்கு நீலம், காத்திருப்புக்கு மஞ்சள். நான் வரைந்த படத்தில் உயிர்நாடி வழியின் ஏறத்தாழப் பாதி மஞ்சளாகவே இருந்தது.

இனி நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். நம் அடுத்த விழாவை 2027 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால், அதற்கு முந்திய 26 நாள் டிசம்பர் 22-இல் தொடங்குகிறது. அன்று நம்மில் பாதிப் பேர் புது தில்லி நிலையத்தில் பெட்டியும் கையுமாக நிற்போம்! டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை பத்து நாள் விடுமுறை என்றால் அந்தப் பத்து நாளும் கணக்கில் சேரா. ஆகவே விண்ணப்பம் டிசம்பர் 12-க்குள் அலுவலகம் போய்ச் சேரவேண்டும். பொங்கலைப் பற்றி ஜனவரியில் பேசிக்கொள்ளலாம் என்பவர்கள் உயிர்நாடி வழியில் மூன்று வாரத்தை ஏற்கெனவே இழந்தவர்கள். மார்கழி மாதத்து மூடுபனியில் தென்னாட்டு வண்டிகள் எத்தனை மணி தாமதமாகும் என்பதை நான் சேர்க்கவே இல்லை.

முன்கூட்டிச் செய்வதே எப்போதும் நன்று என்றும் கொள்ளவேண்டா. இலையோடு கூடிய மஞ்சள் கொத்தை ஊரிலிருந்து ஜனவரி 3-ஆம் நாளே கொண்டுவந்தால் விழாவன்று சருகுதான் மிஞ்சும். அதை ஐ.என்.ஏ. சந்தையில் முதல்நாள் வாங்குவதே முறை. பூவும் பாலும் அப்படியே. இத்தகைய வேலைகளின் பட்டைக்கு இடப்பக்கத்தில் தடித்த கோடு ஒன்று இட்டு, "இதற்கு முன் வேண்டா" என்று குறித்துவிடலாம்.

2026 ஜனவரி 18 அன்று நடந்த நம் விழாவைப் பற்றி இங்கே ஒரு சொல். அழைப்பிதழ் இரண்டு நாள் முன்னர்தான் கைக்கு வந்தது என்றும், அதனாலேயே உணவு போதவில்லை என்றும் அன்று எழுந்த பேச்சு பலருக்கு நினைவிருக்கும். அப்பொறுப்பை ஏற்றிருந்த நண்பர் அதன்பின் கூட்டங்களுக்கு வருவதில்லை. நடந்துபோன விழாவுக்கும் வரைபடம் போடலாமே என்று, குழுவின் குறிப்பேட்டிலிருந்த நாட்களை எடுத்து வரைந்து பார்த்தேன். விண்ணப்பம் தந்தது ஜனவரி 5. அனுமதி வந்தது 14 மாலை. அழைப்பிதழ் அச்சாகி வந்தது 16 காலை. நான்கு நாள் ஆகக்கூடிய வேலையை அந்த நண்பர் ஒன்றரை நாளில் முடித்திருக்கிறார். இடையில் வந்த பொங்கல் நாளை அச்சகத்தில் கழித்திருக்கிறார். அன்றைய வேலைகளிலேயே மிக விரைவாக நடந்தது அவருடையதுதான். பட்டியலில் 'அழைப்பிதழ்' என்பதற்கு எதிரே அவர் பெயர் இருந்தது. ஆகவே தாமதமும் அவர் பெயரில் ஏறிவிட்டது. அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. குழுவினரும் அதைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அது இப்போது சங்க அறையில் இருக்கிறது.

வரைபடத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு பட்டையின் மேலும் அதைச் செய்வோரின் பெயரெழுத்தை எழுதிவிட்டு, ஒரு நாளின் கட்டங்களை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வாருங்கள். நான் படித்தபோது ஜனவரி 7 முதல் 12 வரை ஒரே பெயரெழுத்து ஐந்து பட்டைகளில் வந்தது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மூத்த மாணவி அவர். 'செய்யமாட்டேன்' என்று சொல்லத் தெரியாதவர். அதே நாட்களில் முதலாண்டு மாணவர் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. நாற்காலி தூக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுவது நம் வழக்கம். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாம் குறைசொல்வது உண்டு. தாளைப் பார்த்தால் நாம் அவர்களைக் கேட்கவே இல்லை என்பது தெரிகிறது.

விழா நாளுக்கு மட்டும் தனியே ஒரு தாள் வேண்டும். அங்கே கட்டம் நாளன்று, ஐந்து நிமிடம். ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரு வரைபடம் உண்டு. ஒருபுறம் நேரம், மறுபுறம் நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் கோடுகள் நிலையத்தில்தான் வெட்டிக்கொள்ளலாம். இடையில் வெட்டினால் ஆபத்து. நமக்கும் ஒப்பனை அறை ஒன்றுதான், அதன் கதவும் ஒன்றுதான். கும்மிக் குழு வெளியேறும் கோடும் நாடகக் குழு நுழையும் கோடும் எங்கே வெட்டுகின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. பந்திக்கும் இதே கணக்குத்தான். 240 பேர், ஒரு பந்திக்கு 40 இலை, பந்திக்கு 25 நிமிடம் என்றால் ஆறு பந்தி. பன்னிரண்டரைக்கு முதல் பந்தி அமர்ந்தால் கடைசிப் பந்தி அமர்வது பிற்பகல் 2-35. அந்தக் கடைசிப் பந்தியில் அமர்பவர்கள் பெரும்பாலும் காலை ஆறு மணிக்குக் கோலம் போட வந்தவர்கள். இலையை 60 ஆக்கினால் நான்கு பந்தியில் முடியும். 1-45-க்கே அவர்களும் அமரலாம். இருபது இலைக்கு மண்டபத்தில் இடம் இருக்கிறதா என்பதைத் தரைப்படம் ஒன்று வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவு நாள் தாள் இல்லாமலே விழா நடத்தவில்லையா என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். நடத்தினார்கள், எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருந்த ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார். அவர் பட்டம் பெற்றுப் போனபோது அந்த மனமும் அவரோடு போயிற்று. தாள் சங்கத்தின் அலமாரியிலேயே இருக்கும்.

2027 விழாவுக்கான படத்தைச் சங்க அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். மேலிருந்து கீழாக ஒரு சிவப்பு நூல் தொங்குகிறது. அது இன்றைய நாள். நாள்தோறும் அறையைத் திறப்பவர் அதை ஒரு கட்டம் வலப்புறம் நகர்த்தி ஊசி குத்தவேண்டும். நூலுக்கு இடப்பக்கத்தில் நிரப்பப்படாத கட்டம் ஏதேனும் இருந்தால் அது தாமதம். மூன்று பட்டைகளில் இன்னும் பெயர் இல்லை: மண்டப விண்ணப்பத்தின் பின்னே அலைவது, மகளிர் விடுதியில் பெயர் திரட்டுவது, ஐ.என்.ஏ. சந்தைக்குப் போய் வருவது. முதலாண்டு நண்பர்களே, பென்சில் பலகையின் கீழேயே கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது.