நாயின் நிறமும் நெல்லின் நிறமும்

கம்பளைப் பகுதியில் பி.ஜி. 352 என்னும் வெள்ளையரிசி இனத்தைப் பயிரிட்ட கமக்காரர் ஒருவர், ஆலையிலிருந்து ஒரு பிடி அரிசியைக் கொண்டுவந்து காட்டினார். அதிற் சிவப்பு மணிகள் கலந்திருந்தன. விதைக்குமுன் உமி நீக்கிப் பார்த்தபோது யாவும் வெள்ளையாகவே இருந்தன என்றார். அவர் கூறியது முற்றும் உண்மையாயிருக்கலாம்.

நிறம் வழிவரும் முறையை விளக்க முற்றத்து நாயே போதும். கரிய நாய் மஞ்சட் குட்டிகளையும் ஈனுவதைக் கண்டிருப்பீர்கள். உயிரணுவிலுள்ள மரபுச் செய்தி நான்கு வகை எழுத்துகளால் எழுதப்பட்டது போன்றது. நாய்க்கு அவ்வெழுத்துகள் சுமார் 240 கோடி. பொக்சர் இனப் பெட்டைநாய் ஒன்றின் எழுத்துகள் வாசிக்கப்பட்டு 2005 இல் வெளியிடப்பட்டன. பல நாயினங்களின் கருநிறத்திற்கு மூன்றே எழுத்துகள் விடுபட்டமை காரணமென 2007 இல் அறியப்பட்டது. குட்டி தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் பெறுகின்றது. விடுபாடுள்ள பிரதி ஒன்றிருப்பினும் கருமை மேலோங்கும். மஞ்சள் மறைந்து நிற்கும்.

நெல்லின் எழுத்துகளும் அதே 2005 இல் வாசித்து வெளியிடப்பட்டன. அவை சுமார் 39 கோடி. காட்டு நெல்லின் தவிட்டுத்தோல் சிவப்பு. பச்சைப்பெருமாளும் ஏ.ரீ. 362 உம் அந்நிறத்தை இன்றும் உடையன. சிவப்பை ஏவும் மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டதனாலேயே வெள்ளையரிசி தோன்றியதென 2006 இல் கண்டனர். உலகின் வெள்ளை இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்விடுபாடே உள்ளது. ஆனால் நாயிற்போலன்றி, இங்கே விடுபடாத பிரதியே, அதாவது சிவப்பே, மேலோங்கும்.

இன்னொரு வேறுபாடுண்டு, கமக்காரரை ஏமாற்றுவது அதுவே. குட்டியின் உரோமம் குட்டிக்கு உரியது. நெல்மணியின் தவிட்டுத்தோலோ தாய்ப்பயிருக்கு உரியது. அயல் வயலின் சிவப்பினத்து மகரந்தம் வெள்ளைப் பயிரிற் பட்டாலும் அப்போகத்து மணி வெள்ளையாகவே இருக்கும். அம்மணியை விதைத்தால், மறுபோகத்தில் அதிலிருந்து வரும் பயிரின் மணிகள் யாவும் சிவக்கும். அவற்றை மீண்டும் விதைத்தால் நாலில் மூன்று பங்கு பயிர்கள் சிவப்பு மணியையும் ஒரு பங்கு வெள்ளை மணியையும் தரும்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதால் இத்தகைய கலப்பு அரிது. களத்திலும் சாக்கிலும் நேரும் கலப்பே அதிகம்; அதுவும் ஒரு பிடி நெல்லில் அகப்படாது போகலாம். எவ்வாறாயினும் நட்டம் ஒன்றே: சிவப்பு நீங்கும்வரை ஆலையில் மிகுதியாகத் தீட்டவேண்டும்; அரிசி நொறுங்கும்; விலை குறையும்.

ஆதலால் விதைநெல்லுக்குரிய பகுதியை, சிவப்பினம் நிற்கும் அயல் வயலின் வரம்போரத்தை விட்டு, உட்புறத்தே தெரிவு செய்க. கதிர் முற்றும் வேளையில் அப்பகுதியில் இறங்கி நடந்து, உயரத்திலோ உமியின் நிறத்திலோ மணி நுனியின் வாலிலோ வேறுபடும் பயிர்களைக் கண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மணியை நகத்தால் உரித்துப் பாருங்கள். ஒரு பயிரின் மணிகள் யாவும் ஒரே நிறமாதலின் ஒரு மணியே போதும். சிவப்பாயின் அப்பயிரைத் தூரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே அகற்றுக. சிவப்பு நெல் இருந்த சாக்குகளை உட்புறம் வெளியே திருப்பி உதறிய பின்னரே விதைநெல்லை அவற்றில் இடுக.