தூங்காத வேலைக்காரன்!

சொன்ன நேரத்தில் சொன்ன வேலை. ஆனால் கண்காணிப்பு தேவை

அரியமங்கலத்தில் ஒருவர் இன்டர்நெட் மூலம் மளிகை வியாபாரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் ஆர்டர்கள் வருகின்றன. இரவானதும் அவர் தூங்கப் போய்விடுகிறார்.

அதிகாலை 2 மணிக்கு அவருடைய கணக்கு முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. பாக்கிக்காரர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போகிறது.

இதைச் செய்வது யார்? "சர்வர்"தான்!

ஓட்டலில் இட்லி கொண்டுவரும் சர்வர் அல்ல. இது இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டர்.

"கிரான்"

அதற்கு நேரம் பார்த்து வேலை கொடுக்கும் புரோகிராமின் பெயர் "கிரான்". காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் 7-ம் பதிப்பிலேயே இது இருந்தது. இன்றும் ஏராளமான சர்வர்களில் வேலை செய்கிறது.

கிரானுக்கு உத்தரவு போடுவது சுலபம். ஐந்து கட்டங்கள். முதலில் நிமிடம், பிறகு மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி போட்டால் "எல்லாம்" என்று பொருள்.

"0 2 * * *" என்று எழுதினால் தினமும் 2 மணி. கடைசி நட்சத்திரத்துக்குப் பதில் 0 போட்டால் ஞாயிறு மட்டும்!

ஐந்தரை மணிக் குழப்பம்

பல சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அத்தகைய சர்வரில் 2 மணி என்று எழுதினால், இங்கே காலை 7.30-க்குத்தான் வேலை நடக்கும். நமக்கு அதிகாலை 2 வேண்டுமானால் 20.30 என்று எழுத வேண்டும்.

இன்னொன்று: குறித்த நேரத்தில் சர்வர் நின்றிருந்தால், கிரான் அந்த வேலையைப் பிறகு செய்யாது. அடுத்த முறைதான்!

திரும்பி வந்த கடிதங்கள்

2017 ஜனவரி 31 அன்று, "கிட்லேப்" என்ற பெரிய நிறுவனத்தில் ஓர் என்ஜினீயர் தவறுதலாக முக்கியப் பதிவுகளை அழித்துவிட்டார். "தினமும்தான் நகல் எடுக்கிறோமே!" என்று தேடினார்கள். நகல் இல்லை!

என்ன காரணம்? பதிவேடு புதிய பதிப்பு. நகல் எடுக்கும் புரோகிராமோ பழையது. ஒவ்வொரு முறையும் வேலை கெட்டது. "கெட்டுவிட்டது" என்று கிரான் கடிதமும் அனுப்பியது. அனுப்பியவரின் அடையாளம் சரியில்லை என்று அவை ஏற்கப்படவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்தது. அதுதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரப் பதிவுகள் மட்டும் போயே போய்விட்டன.

ஆகவே, உத்தரவு போட்டால் போதாது. வேலை நடந்ததா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது நகலைத் திறந்து, கணக்கு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வேலைக்காரன் தூங்கமாட்டான். எஜமானரும் கண் வைத்திருந்தால் கவலை இல்லை!