காலேஜுக்கும் ஒரு பாடு போடுங்க பாஸ்!

காலை ஆறரை மணி. பழவேற்காடு மீன் ஏலம் களைகட்டி இருந்தது. இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், நடுவில் மடவை மீன் குவியல். அந்தக் கூட்டத்தில் ஐஸ் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அண்ணனின் டி-ஷர்ட் முதுகில் நாற்பது கையெழுத்துகள். காலேஜ் கடைசி நாளில் மார்க்கர் பேனாவால் கிறுக்குவோமே, அதேதான். பாதி எழுத்து உப்புத் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது.

"எந்த காலேஜ்ணா?" என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"பேரெல்லாம் வேணாம் சிஸ்டர். சென்னைப் பக்கம் ஒரு பிரைவேட் காலேஜ். டிகிரி வாங்கி மூணு வருஷம் ஆச்சு. அங்கேருந்து இதுவரைக்கும் ஒரே ஒரு போன்தான் வந்துச்சு."

"என்னன்னு?"

"'நாக் டீம் வர்றாங்க. முன்னாள் மாணவர் கூட்டம் நடந்த மாதிரி ஒரு நோட்டு ரெடி பண்ணியிருக்கோம். வந்து கையெழுத்துப் போட்டுட்டு, பிரியாணி சாப்ட்டுப் போங்க'ன்னு சொன்னாங்க!"

"போனீங்களா?"

"பிரியாணிக்காகப் போனேன்" என்று கண்ணடித்துவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டார்.

சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பி வரும்போது ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வருஷம் தினமும் போன இடத்துக்கும் நமக்கும் கடைசியில் மிஞ்சுவது ஒரு கையெழுத்தும் ஒரு பிரியாணியும் மட்டும்தானா?

ஏரிக்கரை டு காலேஜ்

பழவேற்காடு பற்றி ஒரு குட்டி இன்ட்ரோ. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கே ராக்கெட் ஏவும் நாளில் இங்கே கடலுக்குப் போகக் கூடாது. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இப்போது வெறும் மண் மேடு. ஃபிளமிங்கோ பார்க்க வருகிற சென்னைக்காரர்கள் மாலையே திரும்பிவிடுவார்கள். குப்பங்களில் இருப்பவர்களுக்கு வலை, ஏலம், அடைபடுகிற முகத்துவாரம், இதுதான் தினசரி.

இந்தக் குப்பங்களிலிருந்து காலேஜுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு முதல் ஸ்டாப் பொன்னேரி. அங்கே 1965-ல் தொடங்கிய உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் வாயில் 'எல்.என். காலேஜ்'. அதே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் உண்டு. மற்றவர்கள் பொன்னேரியில் ரயில் பிடித்து சென்னைப் பக்கம் போகிறார்கள்.

அப்பா, அம்மா காலேஜ் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். 'இன்டர்னல் மார்க்' என்றால் என்ன, 'அரியர்' வந்தால் வாழ்க்கையே போச்சா என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு முன்னாடி படித்த சீனியர்தான் அண்ணன், அக்கா, கைடு எல்லாமே. அதனால்தான் 'முன்னாள் மாணவர் தொடர்பு' என்கிற விஷயத்தை இந்த ஊரில் வந்து தேடினேன்.

பெரிய மீன் மட்டும்தான் வேணுமா?

முன்னாள் மாணவர் சங்கம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பெரிய தொகைகள்தான். 2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணா சிவுகுலா என்ற முன்னாள் மாணவர் சென்னை ஐ.ஐ.டி-க்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். 1970-ல் அங்கே எம்.டெக். முடித்தவர். செம விஷயம்தான், கைதட்டலாம்.

ஆனால், எல்லா காலேஜும் ஐ.ஐ.டி. இல்லையே. பல இடங்களில் சங்கம் இருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி பதிவு செய்து, சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு முதல்வர் அறையில் மாட்டியிருப்பார்கள். நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் மார்க் உண்டு என்பதால், டீம் வருகிற வருஷம் மட்டும் சங்கத்துக்கு உயிர் வரும். மற்றபடி வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஒரு குரூப் போட்டோ, ஒரு சந்தா ரசீது.

சிக்கல் எங்கே தெரியுமா? சங்கம் எல்லோரிடமும் பணத்தை மட்டுமே கேட்கிறது. ஏலத்தில் பெட்டி தூக்கும் அண்ணனிடம் பணம் இல்லை. ஆனால் காலேஜ் அலுவலகத்தில் எந்த ஜன்னலில் எந்த ஃபார்ம் கொடுக்கணும், எந்த பேப்பரில் ஜூனியர்ஸ் வழக்கமாக மாட்டுவார்கள், எந்த பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் காலி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை அவரிடம் யாருமே கேட்கவில்லை.

திண்ணை ஆபீஸ்

கேட்காமலேயே கொடுக்கும் ஒருவரையும் அதே ஊர்ப் பக்கம் பார்த்தேன். பொன்னேரிக்கு பஸ் பிடித்துப் போய் பி.காம். முடித்த அக்கா. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. பேர் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வீட்டுத் திண்ணைதான் அந்தக் குப்பத்தின் அட்மிஷன் ஆபீஸ்.

மே மாதம் ஆன்லைன் அப்ளிகேஷன் சீசன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஆளாளுக்கு ஒரு ஃபைலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்களாம்.

"எனக்கு இதெல்லாம் சொல்ல ஆளில்ல. முதல் வருஷம் ஸ்காலர்ஷிப் ஃபார்மே போடலை. அப்படி ஒண்ணு இருக்குன்னே செகண்ட் இயர்லதான் தெரிஞ்சுது. அன்னிக்கு அழுதது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. அதான், இந்தத் தெருவுல இன்னொரு பொண்ணு அப்படி அழக் கூடாதுன்னு உட்கார்ந்திருக்கேன்" என்கிறார்.

அக்காவின் நோட்டைப் புரட்டினால் அசந்துபோவீர்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல். இன்ஜினீயரிங், மீன்வளம், வேளாண்மை போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு 2021 முதல். எதற்கு என்ன சான்றிதழ், எங்கே வாங்கணும் என்று எல்லாம் கலர் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார்.

"திட்டம் இருக்குக்கா. ஆனா ஊருக்குள்ள வர்ற வழியிலேயே நின்னுடுது" என்றேன்.

"அதைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்ல. அவ்ளோதான் நானு" என்றார் சிம்பிளாக.

ஐந்து அரியர், நாற்பது நாள் கடல்

அந்தத் திண்ணையில்தான் அவனையும் பார்த்தேன். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். ஆனால் மூன்று மாதமாக காலேஜ் பக்கமே போகவில்லை.

போட் இன்ஜின் பழுதாகிவிட்டது. ரிப்பேருக்குப் பணம் வேண்டும் என்று மாமாவோடு நாற்பது நாள் கடலுக்குப் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே. ஏற்கெனவே ஐந்து அரியர். "இனிமே போய் என்ன பண்றது?" என்று வலையைக் கையில் எடுத்துவிட்டான்.

"காலேஜ்ல இருந்து யாரும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்களே. ஃபீஸ் பாக்கின்னு."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் படிக்கும் காலேஜிலும் போன வருஷம் என் பெஞ்ச்மேட் ஒருத்தி இப்படித்தான் காணாமல் போனாள். அவள் இடத்தில் பையை வைக்க வசதியாக இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேனே தவிர, ஒரு போன்கூடப் போடவில்லை. 'காலேஜ் என்ன செய்தது?' என்று கேட்கத் தெரிந்த எனக்கு, 'நீ என்ன செய்தாய்?' என்ற கேள்விக்கு பதில் இல்லை.

பாடுன்னா என்ன தாத்தா?

மத்தியானம் மரத்தடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் காலேஜ் பற்றி எதுவுமே பேசவில்லை. பாடு பற்றிப் பேசினார்.

"பாடுன்னா முறை பாப்பா. ஏரியில எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. ஒரு இடத்துல இறால் நெறைய விழும், ஒரு இடத்துல ஒண்ணும் விழாது. பலசாலி நல்ல இடத்தைப் புடிச்சுக்கிட்டா எளியவன் எங்க போவான்? அதான் சீட்டு போடுறோம். இன்னிக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு."

கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் பரம்பரையாக இருக்கும் ஏற்பாடு இது. பாட்டில் பேர் உள்ள குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி, சுத்துவலை கட்டும் இடத்தையும் முறையையும் பிரித்துக்கொள்வார்கள். பலகாலமாக ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இதே மாதிரி சீட்டுப் போட்டு வலை கட்டும் வழக்கம் உண்டு.

எனக்கு பல்ப் எரிந்தது அங்கேதான். பாட்டில் பேர் இருக்கிற ஒருத்தன் வரவில்லை என்றால் ஊருக்கு உடனே தெரிந்துவிடும். 'அவன் முறை இன்னிக்கு, ஆளைக் காணோமே' என்று கேட்க ஆள் உண்டு. காலேஜில் அறுபது பேர் வகுப்பில் ஒருத்தன் மூன்று மாதம் வராவிட்டால், கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரிகிறது!

பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. வெளியாளுக்கும் புதிதாக வருகிறவனுக்கும் அதில் இடம் கிடைப்பது கஷ்டம். பெண்களுக்குச் சீட்டே கிடையாது. ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. நம்ம முன்னாள் மாணவர் சங்கங்களும் பல நேரம் அப்படித்தான். நல்ல வேலையில் இருப்பவர்கள் மேடையில், மற்றவர்கள் நோட்டில். ஆகவே, பாட்டின் முறையை எடுத்துக்கொள்வோம், வேலியை விட்டுவிடுவோம்.

திரும்பத் திரும்ப வந்தவர்

காலேஜ்களும் இந்த ஏரிக்கு வருவது உண்டு. 1969-ல் தொடங்கிய என்.எஸ்.எஸ்-ஸின் ஏழு நாள் முகாம், 2014-ல் வந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கிராமங்களைத் தத்தெடுப்பது என்று பேனர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், எட்டாவது நாள் யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

வந்தவர் ஒருவர் உண்டு. பேராசிரியர் பி.ஜே.சஞ்சீவ ராஜ். தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்தவர். இந்த ஏரியின் உயிரினங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். அவர் எழுதிய 'பழவேற்காடு ஏரியின் பெருவிலங்கினங்கள்' பற்றிய ஆங்கில நூலை தேசிய பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது. தாம்பரம் எங்கே, பழவேற்காடு எங்கே? ஒரு கல்லூரியின் பெயர் ஒரு ஏரியோடு சேர்ந்து நினைக்கப்படுகிறது என்றால், அதற்குப் பின்னால் இருப்பது கட்டடமோ விழாவோ இல்லை. திரும்பத் திரும்ப வந்த ஒரு மனிதர்.

நீங்களும் போடலாம் பாடு!

இதற்குச் சங்கம், தீர்மானம் எல்லாம் வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ். நாமே தொடங்கலாம்.

* உங்கள் ஊரில், உங்கள் பஸ் ரூட்டில், உங்கள் காலேஜுக்கு வரும் ஜூனியர் ஒருத்தரைப் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு ஜூனியர் போதும்.

* வகுப்பில் ஒருத்தர் இரண்டு வாரம் வரவில்லையா? அலுவலகத்துக்கு முன்னால் நீங்கள் போன் போடுங்கள். ஃபீஸ் பற்றிப் பேசாமல் சாப்பிட்டியா என்று கேளுங்கள்.

* ஃபைனல் இயர் முடித்துப் போகும்போது நோட்ஸை எடைக்குப் போடாதீர்கள். பழைய கேள்வித்தாளோடு சேர்த்து ஊர் ஜூனியரிடம் கொடுங்கள்.

* ஸ்காலர்ஷிப் வாங்கினீர்களா? எந்த மாதம், என்னென்ன பேப்பர் என்று ஒரு பக்கம் எழுதி அடுத்த பேட்ச்சுக்குக் கொடுங்கள்.

* துறைத் தலைவர்களுக்கு ஒரு சின்ன ரிக்வெஸ்ட் சார்... முன்னாள் மாணவர் கூட்டத்தை ஒரு தடவையாவது மாணவர்களின் ஊரில் நடத்துங்கள். நன்கொடை வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். பெட்டி தூக்கும் அண்ணனும் வருவார்.

அடுத்த பாடு யாருக்கு?

மாலை பொன்னேரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மெக்கானிக்கல் தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, எம்-3 உங்களுக்கு கிளியர் ஆயிடுச்சா?"

"இரண்டாவது அட்டெம்ப்ட்ல!" என்று உண்மையை ஒப்புக்கொண்டேன். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு. ஐந்தில் அவனுக்குப் பெரிய பயமே அந்தக் கணக்கு பேப்பர்தான். அன்று இரவே என் நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பினேன். திண்ணை அக்கா தனக்குத் தெரிந்த ஒரு சீனியரைப் பிடித்து, அவனை காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போய் துறைத் தலைவரைப் பார்க்க வைத்திருக்கிறார். அட்டெண்டன்ஸ் குறைந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்கணும். ஆனால் அரியர் எழுதத் தடை இல்லை.

போன வாரம் மெசேஜ் வந்தது: 'எக்ஸாம் ஃபீஸ் கட்டிட்டேன்க்கா. ஃபோரியர் சீரிஸ் மட்டும் மண்டையில ஏறல.'

பாஸ் ஆவானா, தெரியாது. நவம்பர் வரைக்கும் ஞாயிறு இரவு ஒன்பது மணி அவனுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். அது என் பாடு.

அப்படியே இன்னொரு போனும் போட்டேன். காணாமல் போன என் பெஞ்ச்மேட்டுக்கு. இரண்டு தடவை ரிங் போய்க் கட்டானது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"இப்பவாவது ஞாபகம் வந்துச்சேடி!"

திட்டு முழுசையும் வாங்கிக்கொண்டேன். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

உங்க முறை எப்போ பாஸ்?