இலங்கைப் பல்கலைக்கழக வரலாற்றில் முன்னோடி மகளிர்

கல்விச்சாலையின் வாயிற்கதவு ஒருமுறை திறக்கப்படின் உட்கதவுகள் யாவும் தாமே திறந்துவிடும் என எண்ணுவோர் உளர். இலங்கையில் உயர்கல்வி பெற்ற மகளிரின் வரலாறோ அவ்வெண்ணம் பிழையென்பதைக் காட்டுகின்றது. மாணவியின் இருக்கை, பேராசிரியரின் பீடம், தலைமையின் ஆசனம் ஆகிய மூன்றையும் அவர்கள் தனித்தனியே, நெடிய இடைவெளிகளின் பின்னரே பெற்றனர்.

இந்நாட்டின் பல்கலைக்கழகக் கல்விக்கு மூத்த வேர், 1870ஆம் ஆண்டு கொழும்பில் நிறுவப்பெற்ற மருத்துவக் கல்லூரியாகும். முதல் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆங்கு ஆடவரே பயின்றனர். 1892இல் மகளிருக்கும் இடமளிக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் தம் பிணியை எடுத்துரைக்க நாணிய தாய்மார் பலர் வாழ்ந்த காலம் அது. பறங்கியர் சமூகத்தவரான அலிஸ் டி போர் அம்மையார் 1899இல் தேறி, இந்நாட்டின் முதற் பெண் மருத்துவர் என்னும் பெருமையை எய்தினார். பின்னர் லேடி ஹவ்லொக் மருத்துவமனையிற் பணியாற்றினார்.

கலை, விஞ்ஞானக் கல்விக்கென 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். இலண்டனோ 1878இலேயே தன் பட்டங்களைப் பெண்களுக்கும் உரியவை ஆக்கியிருந்தது. ஆதலின் இங்குப் பயின்ற பெண்களுக்குப் பட்டம் மறுக்கப்படும் நிலை எழவில்லை. 1942இல் இவ்விரு கல்லூரிகளும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. பழம்பெருமை வாய்ந்த கேம்பிரிட்ஜ், பெண்களுக்கு முழு உரிமையுடன் பட்டம் வழங்க இசைந்தது 1948இலேதான் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

எனினும், பட்டம் பெறும் உரிமை வேறு. பதவி பெறும் வாய்ப்பு வேறு. அம்மருத்துவக் கல்லூரியின் வழிவந்த மருத்துவ பீடத்திற் குழந்தை மருத்துவத் துறையை வளர்த்த பிரியானி சொய்சா அம்மையாரே இந்நாட்டின் முதற் பெண் பேராசிரியர் எனப் போற்றப்படுகின்றார். கொழும்புப் பல்கலைக்கழகம் தன் முதற் பெண் துணைவேந்தராகச் சட்டப் பேராசிரியர் சாவித்திரி குணசேகரவைக் கண்டது 1999இலாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்பெருமை 2011இற் பேராசிரியர் வசந்தி அரசரத்தினத்தைச் சார்ந்தது. மருத்துவக் கல்லூரியில் மாணவி நுழைந்த நாளுக்கும் கொழும்பிலே துணைவேந்தர் ஆசனம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நாளுக்கும் இடையே 107 ஆண்டுகள் கழிந்தன.

இன்று எம் பல்கலைக்கழகங்களில் மாணவியர் தொகை மாணவர் தொகையை விஞ்சி நிற்கின்றது. ஆயினும், தொகை மட்டும் தலைமையைத் தந்துவிடாது. கற்க வந்த பெண்ணை வரவேற்பதோடு நில்லாது, கற்பிக்கவும் வழிநடத்தவும் அவளுக்கு உரிய காலத்தில் இடமளிப்பதே முன்னோடிகளுக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும்.