திண்ணையில் உறங்குபவர் யார்?

விடுமுறை நாள்களில் கூடாரமடித்துத் தங்குவது நம் பிள்ளைகளிடையேயும் பரவிவரும் பொழுதுபோக்கு. மேலைநாடுகளில் இது இன்னும் ஒருபடி மேலே சென்றுவிட்டது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் வாலிஸ் என்பவர், நகரத்தின் நடுவே எவரும் எதிர்பாராத மூலைகளில் ஓசையின்றி இரவைக் கழித்து, அதனைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டே பெயர் பெற்றவர். இதிலே குற்றம் காண நான் முனையவில்லை. இளமைக்குத் துணிவு அழகுதான்.

ஆனால் லிங்கநகரிலோ பாலையூற்றிலோ வாழும் மூத்தவர் ஒருவரிடம் ‘முகாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனத்தில் எழுவது படை முகாம். அல்லது அகதி முகாம். 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூரிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் துரத்தப்பட்ட மக்கள், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் குடியிருந்தார்கள். அவர்களுடைய காணி முதலில் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று; பின்னர் 818 ஏக்கர் முதலீட்டு வலயம் ஆயிற்று. அந்த அறிவித்தல் 2015இல் நீக்கப்பட்டது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! முகாமில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதை அடைந்தும் தன் வீட்டு முற்றத்தை அறியாதிருந்தது.

வெட்டவெளியில் உறங்குவது ஒருவருக்கு இன்பமும் மற்றவருக்கு இழிவும் ஆவது எதனால்? நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இதற்கு வெளிப்படையான விடை உண்டு. ஆங்கிலேயர் 1841இல் இயற்றிய, அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய விறாந்தையிலோ கொட்டிலிலோ வண்டியிலோ அனுமதியின்றித் தங்குபவர், கண்ணுக்குத் தெரிந்த பிழைப்புவழி இல்லாதவராகவும் தம்மைப் பற்றித் தக்க விளக்கம் கூறாதவராகவும் இருந்தால் குற்றவாளி. அதே விறாந்தையில் அதே இரவில் பணப்பையோடு படுத்திருப்பவரை இவ்விதி தொடாது. உறக்கத்தை விட்டுவிட்டு வறுமையையே இச்சட்டம் விசாரிக்கின்றது என்பேன்.

ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 2024 யூன் 28 அன்று வேறொரு வழியில் சென்றது. ஒரேகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறுநகர், பொது இடங்களில் போர்வை விரித்துத் தங்குவதற்குத் தண்டம் விதித்திருந்தது. வீடற்றவர் என்றாலும் விடுமுறைப் பயணி என்றாலும் விதி ஒன்றே, ஆதலால் தவறில்லை என்று நீதியரசர்களில் அறுவர் தீர்ப்பளித்தனர். மூவர் உடன்படவில்லை, உறக்கம் உடலின் தேவை, குற்றமன்று என்பது அவர்கள் வாதம். பயணிக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்பதை அந்த அறுவரும் அறியாதவர்களா?

நீதிமன்றத்தை விடுவோம். நம் நெஞ்சத்தைக் கேட்போம். உங்கள் மகன் முதுகுப் பையோடு புறப்பட்டால் அயலவருக்குப் பெருமையாகச் சொல்கிறீர்கள். பேருந்து நிலைய வாங்கிலே சுருண்டிருக்கும் முதியவரைக் கண்டால் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு மறுபக்கமாக நடக்கிறீர்கள். ‘குடிகாரராக இருப்பார்’, ‘பிள்ளைகளோடு சண்டை பிடித்திருப்பார்’ என்று விளக்கமும் தருகிறீர்கள். 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐ.நா. சபை கடைப்பிடித்தது, அந்த யோசனையை 1980இல் முன்வைத்தவர் நம் நாட்டின் பிரதமராயிருந்த ஆர். பிரேமதாச. அதே ஆண்டின் இறுதியில் திருப்பீடத்தின் நீதி, அமைதி ஆணைக்குழு வெளியிட்ட ஏடு, வீடின்மையைத் தனியாளின் குறையாக மட்டும் காணாமல், சமூக அமைப்பின் குறையாகக் கண்டது.

பழைய இஸ்ரயேலரிடம் ஒரு விழா இருந்தது. அறுவடை முடிந்த பின்னர், வீடுள்ளவர்கள் எல்லாரும் ஏழு நாள் கிளைகளால் ஆன கூடாரங்களில் தங்க வேண்டும் என்று லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் விதிக்கின்றது. பாலைநிலத்தில் தம் முன்னோர் வீடின்றி வாழ்ந்ததைப் பிறக்கும் தலைமுறையும் அறியும்பொருட்டே அது. அதுவும் மகிழ்ச்சியின் விழாதான். குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாகவே இருந்திருக்கும். நம் பங்கு இளையோர் அடுத்த முறை நிலாவெளியில் கூடாரமடிக்கும்போது, கிளிவெட்டி முகாமில் வாழ்ந்த ஒருவரை ஓர் இரவு அழைத்துச் சென்று தீமூட்டி அருகில் அமர்ந்து கேட்கலாமே. மழைநாளில் அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பதை அவர் சொல்வார்.

வத்திக்கானைச் சுற்றியுள்ள வீதிகளில் வில்லி என்னும் பெல்ஜிய நாட்டு முதியவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். வீதியே அவருக்கு வீடு. நாள்தோறும் புனித அன்னா ஆலயத் திருப்பலியில் பங்குகொள்வார். 2014 டிசம்பரில் அவர் வழக்கமான இடம் வெறுமையாயிருப்பதைப் பங்குத்தந்தை கவனித்தார். தேடியபோது, அவர் இறந்து, உரிமை கோர எவருமின்றி மருத்துவமனைப் பிணவறையில் கிடப்பது தெரியவந்தது. திருத்தந்தை பிரான்சிஸின் இசைவோடு, 2015 தொடக்கத்தில் வத்திக்கான் மதிலுக்குள் உள்ள செருமானியர் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.